கச்சான் வருவதற்குள் ஒரு பை

சங்குப்பொழி ஊருக்கு முன்னால் கடலில் தூண்டில் ஈயக்குண்டுகள் மேலே போகத் தொடங்கியது தவக்காலம் பிறக்கிற விபூதிப் புதன் அன்றைக்கு என்று ஒரு பேச்சும், இல்லை அதற்கு மறுவாரம்தான் என்று இன்னொரு பேச்சும் ஊரில் உண்டு. ஆனால் முதலில் போனது கயித்தானுடைய குண்டுகள்தான் என்பதில் இரண்டு பேச்சு கிடையாது. அந்தக் கரையில் அவன் வள்ளத்தைப் போல அலங்கோலமாகக் கிடந்த வள்ளம் வேறொன்று இல்லை. தூண்டில் முள்ளைப் பீடிக்கட்டுக்குள் செருகிவைப்பான், தூண்டில் நரம்பைக் காலி பெயிண்ட் வாளிக்குள் சுருட்டி எறிவான், ஈயக்குண்டுகளைச் சாரத்து மடியில் கட்டிக்கொண்டு அது நினைவில்லாமலே குளிக்கப் போவான், முள் பிடுங்குகிற கொறடு எங்கே என்று கேட்டால் "இங்கனதான் கெடந்துச்சு" என்று மொத்தக் கடலையும் கையால் காட்டுவான்.

அன்று அவன் ஆறு கடலில் சேருகிற பொழிவாயின் மணல்திட்டைத் தாண்டி, தண்ணீர் கறுக்கிற இடத்தில் வள்ளத்தை நிறுத்தி இரை கோத்துக்கொண்டிருந்தபோது, பலகையில் கிடந்த குண்டுகள் ஒவ்வொன்றாக எழும்பின. அவசரமே இல்லாமல், திருவிழாவில் குழந்தை கைவிட்ட பலூன்போல எழும்பி, அவன் முகத்துக்கு நேரே கொஞ்சம் நின்று, பிறகு மேலே போயின. பின்னாலேயே கத்தி போயிற்று. கத்தியின் பின்னால் கொறடும், சோற்றுத்தூக்கின் மூடியும், ஒரு கால் செருப்பும் போயின. கடலில் இருந்து ஊரைப் பார்த்து வீசுகிற கொண்டல் காற்று அவற்றையெல்லாம் ஆட்டுமந்தையை ஓட்டுவதுபோல் கரைப்பக்கம் ஓட்டிக்கொண்டு வந்தது. கரை வந்ததும் தங்கள் கனம் ஞாபகத்துக்கு வந்ததுபோல் அவை வேப்பம்பழம் உதிரும் வேகத்தில் ஊருக்குள் உதிர்ந்தன.

கயித்தானின் மனைவி கித்தேரி அப்போது தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தகரக்கூரையில் டக்கென்று சத்தம் கேட்டு வெளியே வந்தவள், முற்றத்தில் கிடந்த கத்தியை எடுத்துப் பார்த்தாள், கொறடை எடுத்துப் பார்த்தாள், முருங்கை மரத்தில் மாட்டியிருந்த செருப்பைக் கம்பால் தட்டி எடுத்தாள்.

"மனுசன் வாரதுக்கு முந்தி சாமான் வந்துட்டு" என்று பக்கத்து வீட்டுப் பிரகாசியிடம் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் அரிசி புடைக்கிற சொளவில் போட்டு மூடிவைத்து, மறுபடியும் தேங்காய் துருவப் போனாள்.

இரண்டு வாரத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மத்தியானம் வீட்டுக்கு வரும்போது தலையில் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். கருவாடு காயப்போடுகிற பெண்கள் நெத்திலிக்கு நடுவில் விழுந்த தூண்டில் முள்ளைக் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கிப் போட்டார்கள். யார் வீட்டு முற்றத்தில் எது விழுந்தாலும் சாயங்காலத்துக்குள் கோயில் முகப்பில் இருக்கிற மேசைமேல் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும் என்று ஊர்க்கமிட்டி சொன்னது; யாருடைய சாமான் எது என்று ஊருக்கே தெரியுமாதலால் அதில் சண்டை எதுவும் வரவில்லை. பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், ஒவ்வொன்றுக்கும் ஆண்டவர் ஓர் இடத்தைக் கொடுத்திருக்கிறார் என்று ஆரம்பித்துவிட்டு, தம்முடைய மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்காகக் கொஞ்சம் நிறுத்தினார். பெண் கொடுக்க வந்த அயலூர்க்காரர்கள் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்ப்பதற்கு முன் கடற்கரையில் நின்று மாப்பிள்ளையின் வள்ளத்துக்கு மேலே இருக்கிற வானத்தைப் பார்த்தார்கள்; வானம் காலியாக இருந்தால் பையன் ஒழுங்கானவன் என்று அங்கேயே பாக்குவெற்றிலை எடுத்தார்கள்.

ஏனென்றால் அதற்குள் விஷயம் தெரிந்துபோயிருந்தது. தனக்கென்று ஓர் இடத்தில் மூடிவைக்கப்பட்ட சாமான் எழும்பவில்லை. இடமில்லாமல் கிடந்ததுதான் எழும்பியது. இதைக் கேட்டு ஊரே பை தேடியது. ஒருவன் மகளின் பழைய புத்தகப்பையைக் கொண்டுபோனான், ஒருவன் கம்பவுண்டரிடம் ஊசிமருந்துப் பையை இரவல் வாங்கிக்கொண்டு போனான், ஒருவன் கல்யாணத்தில் தாம்பூலம் கொடுத்த மஞ்சள் பைகளை வரிசையாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். எல்லாருக்கும் ஏதோ ஒன்று சரியாக அமைந்தது. கயித்தானுக்கு அமையவில்லை. அவன் எல்லாவற்றையும் ஓர் அரிசிச் சாக்கில் அள்ளிப் போட்டு வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனான். மத்தியானம் அந்தச் சாக்கு அப்படியே முழுசாக, சினைப்பசுவைப்போல ஆடி ஆடி ஊருக்குள் வந்து, மாதா குருசடிக்குப் பக்கத்தில் இறங்கியது. குப்பையை மூடிவைத்தால் அது ஒழுங்காகிவிடாது என்று கடலுக்குத் தெரிந்திருந்தது. பிறகு கித்தேரி தன் பழைய சீலையை நாலாக மடித்து, முள்ளுக்கொரு பாக்கெட், குண்டுக்கொரு பாக்கெட், நரம்புக்கு இரண்டு என்று பை ஒன்று தைத்துக்கொடுத்தாள். முதல் நாளே துணி உப்புத்தண்ணீரில் ஊறி, முட்கள் பொத்துக்கொண்டு வெளியே வந்து, அதைத் தோளில் தூக்கியவன் விலாவில் குத்தின.

"இனி எனக்கு பையே வேண்டாம்ளா" என்றான் கயித்தான்.

சாமான் போவதைப் பற்றிக் கித்தேரிக்குப் பெரிய கவலை இல்லை. அவளுடைய கவலை வேறு. அவன் தனியாகப் போய்க்கொண்டிருந்தான்.

மூன்று வருடத்துக்கு முன்வரை அந்த வள்ளத்தில் கித்தேரியின் தம்பி சந்தியாகுவும் போனான். கயித்தானுக்கு மீன் எங்கே நிற்கும் என்று தெரியும். சந்தியாகுவுக்குக் கொறடு எங்கே இருக்கும் என்று தெரியும். கயித்தான் எறிந்ததையெல்லாம் பின்னாலேயே வந்து எடுத்துவைத்தே அந்தத் தம்பி வளர்ந்தான். ஒருநாள் அவன் எடுத்துவைக்க மறந்த, அல்லது கயித்தான் எறிந்தது அவன் கண்ணில் படாத, துருப்பிடித்த தூண்டில் முள் ஒன்று பலகையிடுக்கில் கிடந்தது. வள்ளம் ஆடியபோது சந்தியாகு அந்த இடத்தில் கையை ஊன்றினான். கட்டைவிரலின் அடியில் ஏறிய முள்ளை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள், சீழ் வைத்ததையும் ஆற்றிவிட்டார்கள், ஆனால் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதற்குப் பிறகு மடங்கவில்லை. அவன் ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டி தள்ளும் வேலைக்குப் போய்விட்டான். கயித்தான் ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனான், வாசல் வேப்பமரத்தடியிலேயே நின்றான், உள்ளே போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது. சண்டையென்று ஒரு வார்த்தைகூட நடக்கவில்லை, நடந்திருந்தால் தீர்ந்திருக்கும். முட்கள் கிடக்கிற வள்ளம் என்று பெயர் ஆகிவிட்டதால் அதற்குப் பிறகு வேறு யாரும் கயித்தானோடு கடலுக்குப் போகச் சம்மதிக்கவில்லை.

கித்தேரி பயந்தது பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளியன்று நடந்தது. ஊர் முழுக்கக் கடற்கரை மணலில் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் ஸ்தலத்தில் எல்லாரும் முழங்காலில் இருக்கும்போது, கொண்டல் காற்றில் கயித்தான் வந்தான். பலகையில் உட்கார்ந்த வாக்கிலேயே, முழங்காலை மடக்கி, கையில் நரம்பைப் பிடித்தபடி, நரம்பின் நுனியில் விளமீன் ஒன்று துடித்தபடி வந்தான். முட்டிபோட்டிருந்தவர்கள் செபத்தை முடித்து, சிலுவை அடையாளம் போட்டு, அதன் பிறகே அண்ணாந்து பார்த்தார்கள்.

"கித்தேரி, ஒன் வீட்டுக்காரரு வாராரு" என்றாள் பிரகாசி.

அவன் நெத்திலி காய்கிற பாயின் நடுவில் இறங்கினான். கித்தேரி ஓடிப்போய் முதலில் நெத்திலி சிதறியதற்குத் திட்டினாள். பிறகு அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். அந்தக் கை இன்னும் சரியாகக் கனக்கவில்லை. வெயிலில் கிடந்த துணியை எடுப்பதுபோல் இருந்தது. அனாதையாக நின்ற வள்ளத்தைப் பிறகு இரண்டு பேர் போய்க் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

சோறு போடும்போது கேட்டாள்: "பயந்துட்டீரா?"

"இல்ல." அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "நல்லாதான் இருந்துச்சு கித்தேரி. ஒண்ணுமே என்னயப் பிடிச்சு இழுக்கல."

இரண்டு பேர் போகிற வள்ளங்களில் ஆள் எவனும் எழும்பவில்லை என்பதை அவள் ஏற்கனவே கணக்கில் வைத்திருந்தாள். 'அந்த வாளிய எடு', 'தூங்காதலே', 'ஒங்கப்பன் கத்துக்குடுத்ததா இது' என்று காலையில் இருந்து ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு போகிறவர்களை வானம் தொடவில்லை. இவனை ஏச அங்கே ஆள் இல்லை. அதோடு இன்னொன்றும் அவளுக்குத் தெரியும்; கடற்கரையில் பிறந்த யாருக்கும் தெரியும். கொண்டல் இருக்கிறவரை எது எழும்பினாலும் ஊருக்குள் வந்து விழும். ஈஸ்டர் கழிந்து வெயில் முற்றினால் கச்சான் பிறக்கும். கச்சான் கரையில் இருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்று. அப்போது எழும்புகிற எதுவும் திரும்பி வராது.

மறுநாள் காலையில் அவள் ஏலக்கூடத்துக்குப் போனாள். சந்தியாகு ஐஸ் பெட்டியை இடது கையாலும் இடுப்பாலும் தள்ளிக்கொண்டிருந்தான்.

"ஏலே, திங்கக்கெழம என்கூட டவுனுக்கு வா. தூண்டில் சாமானுக்கு நல்ல பையா ஒண்ணு பாக்கணும்."

"மச்சானுக்கா?"

"வள்ளத்துக்கு."

"எனக்கும் அந்த வள்ளத்துக்கும் என்னக்கா இருக்கு?"

"எது எங்க இருக்கணும்னு ஒனக்குத்தான தெரியும்? எனக்குத் தெரியுமா, அவருக்குத் தெரியுமா?"

அவன் பெட்டியை நிறுத்தினான். "மூணு வருசத்துல வந்து என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேட்டாரா?"

"கேக்கல."

"கேக்கவும் மாட்டாரு."

"மாட்டாருதான்" என்றாள் கித்தேரி. புருஷனுக்காக அவள் ஒன்றும் பேசவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு, "கச்சான் வரப்போவுது தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

ஐஸ் உருகி அவன் காலடியில் ஓடியது. பெட்டியை நிழலுக்குத் தள்ளிவிட்டு, "எந்த பஸ்ஸு?" என்று கேட்டான்.

திங்கட்கிழமை பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் கித்தேரி நடுவில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் ஜன்னல் வழியாக உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு கயித்தான், இன்னொரு பக்கம் கண்டக்டரின் முதுகைப் பார்த்துக்கொண்டு சந்தியாகு.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட வேண்டாம்" என்று ஏறும்போதே சொல்லியிருந்தாள். "பையப் பாத்தா போதும்."

தூண்டில் சாமான் கடை பழைய துறைமுகத் தெருவில் இருந்தது. கடைக்காரர் மீராசா பாய், சங்குப்பொழிக்காரர்கள் என்றதும் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. அந்த மாசத்தில் அவரிடம் பை வாங்கியவர்கள் பாதிப்பேர் அந்த ஊர்தான். "உக்காருங்கம்மா, எல்லாம் இருக்கு" என்று பைகளை மேசையில் அடுக்கினார். முதுகில் மாட்டுகிற பை, தோளில் தொங்குகிற பை, உள்ளே பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக நிற்கிற பை, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வைத்த பை.

சந்தியாகு ஒவ்வொன்றையும் இடது கையால் புரட்டிப் பார்த்து அக்காவிடம் சொன்னான்.

"முதுகுல மாட்டுறது வேண்டாம்னு சொல்லு. வள்ளத்துல யாரு மாட்டிக்கிட்டு நிக்கப்போறா? இது அடி மெல்லிசு. முள்ளு எறங்கிரும். இதுக்கு இரும்பு வளையம், ஒரு மழைக்குத் தாங்காது, துரு ஏறிரும். பெருசு எடுத்தாலும் வம்பு, எடம் இருக்குன்னு கண்டதயும் போட்டு அடைப்பாரு."

"கேட்டீரா?" என்றாள் கித்தேரி மறுபக்கம் திரும்பி.

கயித்தான் தலையை ஆட்டினான்.

கடைசியில் ஒரு நீலப் பை வந்தது. கடையிலேயே அதுதான் உசத்தி. தடித்த தார்ப்பாய்த் துணி, கெட்டியான அடி, அடிக்கு நாலு ரப்பர்க் கால், உள்ளே ஆறு டப்பா, ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் நகர்த்திவைக்கிற தடுப்பு, நாலு புறமும் பாக்கெட், கொறடுக்கென்றே பக்கவாட்டில் ஓர் உறை, எல்லாவற்றுக்கும் உப்புக்குத் துருப்பிடிக்காத ஜிப். சந்தியாகு அதை வெகுநேரம் பார்த்தான். மூன்று வருடத்தில் முதல்முறையாக அவன் முகத்தில் கடல் தெரிந்ததைக் கித்தேரி கண்டாள்.

"இதுதான்க்கா. இத எடுங்க."

மீராசா பாய் அதை எடுத்து உறைக்குள் போடப் போனார்.

"அது வேண்டாம் பாய்" என்றான் கயித்தான்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழுந்து மேசைக்கு வந்தான். தன் வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விறைப்பாக நீட்டி ஒதுக்கிக்கொண்டு, மீதி மூன்று விரலால் அந்த நீலப் பையின் ஜிப்பைப் பிடித்து இழுத்தான். ஜிப்பின் சின்ன நாக்கு விரல்களில் சிக்காமல் வழுக்கியது. இன்னொரு தடவை இழுத்தான். வழுக்கியது. பையை நகர்த்திவைத்துவிட்டு அடுத்த பையை இழுத்துக்கொண்டான். அதன் கொக்கியை அதே மூன்று விரலால் அமுக்கிப் பார்த்தான். அது திறக்க இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்க வேண்டியிருந்தது, அதையும் நகர்த்திவைத்தான்.

"கைக்கு என்ன, சுளுக்கா?" என்று கேட்டார் மீராசா பாய்.

மேசையில் இருந்த ஒவ்வொரு பையையும் கயித்தான் அப்படியே திறந்து பார்த்தான், திறக்காததை ஒதுக்கினான், அலமாரியில் இருந்ததை எடுத்துத் தரச்சொல்லித் திறந்து பார்த்தான், பரணில் தூசி படிந்து கிடந்ததையும் இறக்கச்சொன்னான். வியர்வை அவன் காதோரம் இறங்கியது. ஒரு சாமானை அதன் இடத்தில் வைத்தறியாத மனுஷன், பை பையாக, பாக்கெட் பாக்கெட்டாக, பொறுமையாக, வேறொருவனின் கையைத் தன் கையில் மாட்டிக்கொண்டு நின்றான். கித்தேரி தம்பியைப் பார்க்கவில்லை. பார்த்தால் தனக்கு அழுகை வந்துவிடும் என்று தராசில் இருந்த ஈயக்குண்டுகளைப் பார்த்தாள். அவள் பக்கத்தில் சந்தியாகுவின் மூச்சு மட்டும் கேட்டது.

பரணில் இருந்து வந்தது ஒரு பாசிநிறப் பை. பழைய மாதிரி. ஜிப் கிடையாது. அகலமான மடல், மடலின் நுனியில் பெரிய மரக்குச்சி ஒன்று, அதை மாட்டுகிற கயிற்றுக் கண்ணி ஒன்று. உள்ளே தடித்த துணியில் அறைகள், அறைக்கு அறை ஒட்டுப்பட்டை. கயித்தான் மூன்று விரலை மரக்குச்சியின் அடியில் கொடுத்துத் தூக்கினான். மடல் திறந்துகொண்டது. மூடினான், திறந்தான், மூடினான்.

"இதான்" என்றான்.

"அது வித்துப்போகாத சரக்குங்க" என்றார் மீராசா பாய். "அந்த நீலம் மாதிரி வராது."

"இதான் பாய்."

சந்தியாகு தொண்டையைச் செருமினான். அக்காவைத் தாண்டி, நேரே மச்சானைப் பார்த்துச் சொன்னான்:

"அதுக்கு அடியில கால் இல்ல. தண்ணி ஏறும்."

கயித்தான் பையைத் திருப்பி அடியைப் பார்த்தான். "பலக ஒண்ணு வச்சு அடிச்சிருவோம்" என்றான்.

"வேப்பம்பலகயா இருக்கணும்."

"சரி."

வேறெதுவும் இரண்டு பேரும் பேசவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் பை நடுவில் உட்கார்ந்தது; கித்தேரி இடமில்லாமல் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள், மகாராணி மாதிரி.

ஈஸ்டர் கழிந்த வாரத்தில் வேப்பம்பலகை அடித்தார்கள். முட்களை அளவுபார்த்துப் பிரித்தது சந்தியாகு. கயித்தான் பக்கத்தில் குந்தியிருந்து, எடுத்துக் கொடு என்றதை எடுத்துக் கொடுத்தான். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கடலுக்குப் போன விடியற்காலையில் கித்தேரி கரையில் நின்றபோது, அவள் முந்தானை முன்பக்கமாக, கடலைப் பார்த்துப் பறந்தது. கச்சான் பிறந்துவிட்டது.

வெயில் ஏறஏற ஊர்ப்பெண்கள் எல்லாரும் கரைக்கு வந்துவிட்டார்கள். அங்கங்கே வள்ளங்களில் இருந்து ஏதோ ஒரு கரண்டி, ஏதோ ஒரு தொப்பி, மறந்துபோய் மூடாமல் விட்ட ஏதோ ஒரு டப்பாவின் முட்கள் மினுங்கிக்கொண்டு எழும்பின. எழும்பி, இந்த முறை ஊரைப் பார்த்து வராமல், கிழக்கே, கண்ணுக்குச் சின்னதாகிக்கொண்டே போய், ஒன்றுமில்லாமல் ஆயின. பிரகாசியின் புருஷனுடைய புதுக்குடை அப்படிப் போனதைப் பார்த்துப் பிரகாசி கைகூப்பி வழியனுப்பினாள். கித்தேரி ஒரே ஒரு வள்ளத்தின் மேலே இருந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே ஒன்றும் எழும்பவில்லை. ஒரு குண்டு எழும்பவில்லை, ஒரு நரம்பு எழும்பவில்லை. ஒன்றும் எழும்பாததைப் பார்த்துக்கொண்டே நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. கண் வலித்தபோது ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தாள்.

வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் அந்த வள்ளம் பொழிவாய்க்குத் திரும்பியது. எதிர்க்காற்றில் அது முக்கி முக்கி வந்தது. அலைச்சத்தத்தையும் தாண்டி முதலில் அவளுக்குக் கேட்டது குரல்.

"கொறடு எடப்பக்கம்னு எத்தன தடவ சொல்லணும் ஒமக்கு?"

"எடப்பக்கந்தானலே வச்சேன்!"

"ஒம்ம எடப்பக்கமா, என் எடப்பக்கமா? எதுக்கால உக்காந்தா மாறும்லா! இம்புட்டு வயசாச்சு, எடமும் வலமும் தெரியாம..."

"பெரிய கலெக்டரு! அந்தப் பாறமீன நீ கைநழுவ விட்டுட்டு என் கொறடுமேல பழியப் போடாத!"

"நானா விட்டேன்? வாளிய எடும்னு நான் கத்துறேன், நீரு வானத்தப் பாத்துக்கிட்டு..."

"கித்தேரி" என்றாள் பிரகாசி, "சண்ட பலமா இருக்கே. நீ போயி தடுக்கலயா?"

கித்தேரி தடுக்கப் போகவில்லை. மூன்று வருடத்துச் சண்டை அது. ஒரே நாளில் தீருகிற காரியமில்லை. இரண்டு பேரும் வள்ளத்தின் இரண்டு முனையிலும் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டு வந்தார்கள். கச்சான் அவர்களுடைய சட்டையைப் பிடித்துக் கடலுக்குள் இழுத்துப் பார்த்தது, தலைமுடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தது, இரண்டு பேரும் கல்லைப்போல உட்கார்ந்திருந்தார்கள். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வள்ளத்தை இழுத்துக் கரையேற்றத் தண்ணீருக்குள் இறங்கினாள்.